ஐந்தாவது பிரதியின் புள்ளிகள்

கேள்வி: புத்தகங்களைத் தடை செய்த நாடுகளைப் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்தேன். "புத்தகத்தையே பிடுங்கிட்டாங்கன்னா, படிச்சு என்ன பிரயோஜனம் மிஸ்?" என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள் அம்மா?
— ஓர் ஆசிரியை, ஏற்காடு

பதில்: நல்ல பெண். கேட்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறாள். நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

1976, நெருக்கடி நிலைக் காலம். பத்திரிகைகளுக்குத் தணிக்கை. எனக்கு 21 வயது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கடைசி பேட்ச் போன பிறகு மில் தொழிலாளி ஒருவர் வந்தார். கையில் இரண்டு பக்கம், பேனாவால் எழுதியது. பேப்பரில் வராத செய்தி. ஐந்து பிரதி கேட்டார். கார்பன் வைத்து அடித்துக் கொடுத்தேன். டைப் அடித்தவர்களுக்குத் தெரியும், அடியில் போகப் போக எழுத்து மங்கும். ஐந்தாவது தாளில் புள்ளியே விழவில்லை. 'க' எது, 'க்' எது என்று தெரியவில்லை. அவர் பல்புக்கு அடியில் உட்கார்ந்து ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் பேனாவால் புள்ளி வைத்தார். முக்கால் மணி நேரம்.

"புள்ளி இல்லாட்டியும் புரியுமே அண்ணா" என்றேன்.

"உனக்குப் புரியும் கண்ணு. எங்க ஆளுங்க இப்பத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாங்க."

தாளில் இல்லாத புள்ளியைத் தானே வைத்துப் படிக்க முடிவதுதான் படித்ததன் பிரயோஜனம் என்று அன்றைக்கே எனக்குப் பட்டது. அந்தக் காலத்தில் பனையோலை ஏட்டிலும் புள்ளி வைக்க மாட்டார்கள், எழுத்தாணி பட்டு ஓலை கிழிந்துவிடும் என்று. மொழி தெரிந்தவர் தாமே புள்ளி வைத்துப் படித்துக்கொள்ள வேண்டும். சீவக சிந்தாமணியை யாரும் தடை செய்யவில்லை. ஆனாலும் பெரும்பகுதி ஏட்டிலேயே கிடந்தது. 1880இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த நம் சேலம் இராமசாமி முதலியார்தான், அதைப் படித்ததுண்டா என்று உ.வே.சா.வைக் கேட்டார். பிரதி கையில் கிடைத்தும் உ.வே.சா.வுக்குப் பல இடங்களில் பொருள் விளங்கவில்லை. அது சமணக் காப்பியம். அந்த ஊர்ச் சமணர்கள் அதை வழிவழியாகப் படித்து வந்தவர்கள். அவர்கள் சொல்லித் தந்தார்கள். 1887இல் முழு நூலும் அச்சில் வந்தது. அந்த மனிதர்கள் இல்லாமல் ஏடு மட்டும் இருந்திருந்தால்?

ஏடுகூட இல்லாத கதை ருஷ்யாவில் நடந்தது. ஸ்டாலின் காலத்தில் அன்னா அக்மதோவா என்ற கவிஞர் தன் கவிதையைத் துண்டுக் காகிதத்தில் எழுதித் தோழியிடம் நீட்டுவார். சுவருக்கும் காது உண்டு என்ற பயத்தில் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். தோழி மனப்பாடம் செய்ததும் சாம்பல் கிண்ணத்தில் வைத்துக் கொளுத்திவிடுவார். அந்தக் கவிதைகள் அவர் நாட்டில் முழுதாக அச்சேறியது 1987இல். அதுவரை அவற்றைக் காப்பாற்றியதில் ஒரு சிலருடைய ஞாபகத்துக்குப் பெரிய பங்கு. இங்கேயும் 1928இல், பாரதி இறந்து ஏழு வருஷம் கழித்து, அவர் பாட்டுப் புத்தகங்களைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. பாட்டு ஏற்கெனவே ஜனங்கள் வாயில் இருந்தது.

அந்த மாணவியிடம் கேளுங்கள்: புத்தகத்தை மூடிவிட்டு எத்தனை பாட்டு முழுசாகச் சொல்வாள்? மார்க்குக்காக ஒப்பிப்பதைக் கேட்கவில்லை, பொருள் தெரிந்து சொல்வதைக் கேட்கிறேன். சேலத்துக்கு இறங்கும்போது அவளையும் கூட்டி வாருங்கள். இன்ஸ்டிட்யூட்டை மூடியபோது அந்த டைப்ரைட்டரை நான் விலைக்கு வாங்கி வைத்துக்கொண்டேன். ஐந்து தாள் வைத்து அவளே அடிக்கட்டும். கடைசித் தாளையும் ஒரு பேனாவையும் அவள் கையில் கொடுக்கிறேன்.