குயின்ஸ்லாந்து: '1' மட்டும் போட்ட வாக்கு செல்லுமா?

செல்லாது. ஐந்து பேர் நின்ற தொகுதியில் ஒருவருக்கு மட்டும் 1 போட்டுவிட்டு வந்ததாகச் சொல்கிறீர்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 2024-ல் நடந்த மாநிலத் தேர்தலில் எல்லாக் கட்டத்திலும் விருப்ப வரிசைப்படி 1, 2, 3 என எண் போட வேண்டும். ஒரே ஒரு கட்டம் விடுபட்டிருந்தால் மட்டும் அதைக் கடைசி விருப்பமாக எடுத்துக்கொள்வார்கள்.

மாநிலத் தலைநகரான பிரிஸ்பேனின் மாநகராட்சித் தேர்தலை நினைத்துக் குழம்பியிருப்பீர்கள். அங்கே 1 மட்டும் போட்டாலே போதும்.

மேலவைக்குத் தாள் தரவில்லை என்றும் சொல்கிறீர்கள்; அது தேர்தல் ஊழியர் தவறு இல்லை. குயின்ஸ்லாந்து தன் மேலவையை 1922-லேயே ஒழித்துவிட்டது. 93 தொகுதி, தொகுதிக்கு ஓர் உறுப்பினர், அவ்வளவுதான். சட்டத்தை மறுபடி அலசிப் பார்க்க இன்னோர் அவை இல்லாத மாநிலத்தில் இந்த ஒரு தாள் ரொம்ப முக்கியம், தயவுசெய்து வீணாக்காதீர்கள்.

அடுத்த முறை பெட்டியில் போடும் முன் ஒன்று பாருங்கள்: நீங்கள் போட்ட கடைசி எண்ணும் வேட்பாளர் எண்ணிக்கையும் ஒன்றா? தப்பாகிவிட்டால் ஊழியரிடம் கேளுங்கள், புதுத் தாள் தருவார்கள். பெட்டிக்குள் போனபின் திருத்த முடியாது.

அப்புறம், எல்லாக் கட்டத்திலும் எண் போட வேண்டும் என்று விதி 2016-ல்தான் மாறியது, மறுபடியும் மாறலாம். தாளில் அச்சிட்டிருக்கும் குறிப்பைப் படித்துவிட்டே எண் போடுங்கள்.