மாலை ஐந்து மணி வெறுமை: திரும்பிப் போகலாமா?

18 ஆண்டுகள் கைப்பந்துப் பயிற்சியாளராக இருந்து விலகிய பிறகு மாலை ஐந்து மணியானால் இருப்புக்கொள்ளவில்லை, மறுபடியும் தலைமைப் பொறுப்பை ஏற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள்.

நானும் விலகியவன்தான். ஆட்ட நாளின் பரபரப்பை இழந்துவிட்டேன் என்றே முதலில் நினைத்தேன். அதுவல்ல. என்னிடம் பயின்ற ஒரு பெண் சர்வீஸ் போடும்போது பந்தைத் தலைக்குப் பின்னால் தூக்கிப் போடுவாள். மூன்று வாரம் பந்தைத் தூக்கும் அந்த இடது கையை மட்டுமே திருத்தினோம். ஒரு மாலை, பந்து உள்ளங்கையில் 'பட்'டென்று பட்டு வலையைத் தாண்டிப் பறந்தது. அவள் பந்தைப் பார்க்கவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் ஏங்கியது அந்தப் பார்வைக்குத்தான். கோப்பைகளை நினைப்பதுகூட இல்லை.

அணித் தேர்வுச் சச்சரவும் பெற்றோரின் புகார்களும் தலைமைப் பொறுப்போடு சேர்ந்தே வரும். அதனால் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு மாலை மட்டும் பயிற்சி தரக் கேட்டுப் பாருங்கள். பழைய அணியில் வேண்டாம். புதிய பயிற்சியாளர் பேசும்போது பிள்ளைகளின் கண்கள் உங்களைத் தேடும். அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

முழுமையாகத் திரும்புவதும் தவறில்லை. 2013-இல் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் கால்பந்து அணியிலிருந்து விலகிய பயிற்சியாளர் யுப் ஹைன்கெஸ், 2017-இல் 72 வயதில் அதே அணிக்கு மீண்டும் வந்தார். அந்தப் பருவம் முடியும்வரை மட்டும் என்று வரையறுத்துக்கொண்டு வந்தார். நீங்களும் போவதானால், விடைபெறும் நாளை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள்.