வர்த்தகம் பெருகுனா வளரும் நாடுகள்ல கார்பன் எமிஷன் கூடுமா, குறையுமா?

ஒரே வார்த்தையில பதில் வேணும்னா, பெரும்பாலும் கூடும். ஆனா எதனால கூடுது, யாரு கணக்குல ஏறுதுன்றதுலதான் விஷயமே இருக்கு.

இந்தக் கேள்விக்கு பாடப்புத்தக பதில் 1991ல கிராஸ்மேன், க்ரூகர்னு ரெண்டு பொருளாதார நிபுணர்கள் எழுதுன பேப்பர்ல இருந்து வருது. வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தம் வந்தா மெக்சிகோ சுற்றுச்சூழல் என்ன ஆகும்னு பார்த்தாங்க. உற்பத்தி பெருகுறதால மாசு கூடும், எந்த வகைத் தொழில் வளருதுன்றதப் பொறுத்து கூடவோ குறையவோ செய்யும், நல்ல டெக்னாலஜி வந்தா குறையும், வருமானம் ஒரு அளவத் தாண்டுனா மாசு தானா இறங்க ஆரம்பிக்கும்னு சொன்னாங்க. சரிதான், ஆனா அவங்க அளந்தது சல்பர் டை ஆக்சைடு, புகை மாதிரி ஐட்டம். அது கண்ணு எரியும், இருமல் வரும், ஜனங்க சத்தம் போடுவாங்க, அரசாங்கம் ஃபில்டர் மாட்டச் சொல்லும். கார்பன் டை ஆக்சைடுக்கு நிறமும் இல்ல நாத்தமும் இல்ல, யாரு போய் சண்டை போடுவா? அதனால காசு வந்தா தானா குறைஞ்சிடும்ன்ற கதைய இதுக்கு அப்படியே பொருத்த முடியாதுன்னு நினைக்கிறேன்.

சீனா 2001 டிசம்பர்ல உலக வர்த்தக அமைப்புல சேர்ந்துச்சு, அடுத்த பத்து வருஷத்துல அதோட எமிஷன் ரெண்டரை மடங்குக்கு மேல போயிடுச்சு. எல்லாமே எக்ஸ்போர்ட்டுக்காக இல்ல, ரோடு, பாலம், அபார்ட்மெண்ட்னு உள்நாட்டுக்கு போனதுதான் அதிகம், ஆனா எக்ஸ்போர்ட் பங்கும் சின்னது இல்ல. இதுல கடுப்பாகுற விஷயம் என்னன்னா, கியோட்டோ காலநிலை ஒப்பந்தத்துல இருந்து இன்னிக்கு வரைக்கும் புகை எந்த நாட்டு எல்லைக்குள்ள வருதோ அந்த நாட்டு கணக்குலதான் எழுதுறாங்க, பொருள வாங்கி யூஸ் பண்றவன் கணக்குல இல்ல. உலக எமிஷன்ல அஞ்சுல ஒரு பங்குல இருந்து கால்வாசி வரைக்கும் இப்படி ஒரு நாட்டுல உருவாகி இன்னொரு நாட்டுல நுகரப்படுற பொருளுக்கானது. பணக்கார நாடுகள் நாங்க குறைச்சிட்டோம்னு சொல்றப்போ, இதையும் சேர்த்துப் பார்த்தா குறைஞ்ச அளவு கொஞ்சம் சுருங்கும்.

சட்டம் லூசா இருக்குற நாட்டுக்கு ஃபேக்டரி ஓடிப்போகுதுன்னு சொல்வாங்க, அது கொஞ்சம் ஓவர். சம்பளம், துறைமுகம், கரண்ட் செலவு இதெல்லாம் பார்க்குறப்போ மாசுக் கட்டுப்பாட்டு செலவு பெரும்பாலும் சின்னதுதான். என்னக் கேட்டா ஃபேக்டரிக்கு பின்னாடி எந்த பவர் பிளான்ட் நிக்குதுன்னுதான் முதல்ல பார்க்கணும். இந்தோனேசியாவ பாருங்க. 2020 ஜனவரியில நிக்கல் தாதுவ அப்படியே ஏத்துமதி பண்ணக் கூடாது, இங்கயே உருக்கித்தான் விக்கணும்னு தடை போட்டாங்க. வளரும் நாடு வெறும் மண்ண வித்துட்டு உக்காரக் கூடாதுன்ற நியாயமான ஆசைதான், வேலையும் முதலீடும் வந்துச்சு. ஆனா அங்க சுலவேசி தீவுல மொரோவாலி மாதிரி இடங்கள்ல உருக்காலைக்குன்னே தனியா நிலக்கரி மின்நிலையம் கட்டிக்கிட்டாங்க. அந்த நிக்கல்ல ஒரு பகுதி எலக்ட்ரிக் கார் பேட்டரிக்குப் போகுது, கார் ஓடுற ஊர்ல புகை இல்ல, புகையெல்லாம் சுலவேசியில.

நல்ல பக்கமும் இருக்கு. சோலார் பேனல் 2010ல இருந்து பத்து வருஷத்துல கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கு விலைக்கு வந்ததுக்கு, ஒரே இடத்துல மலை மாதிரி தயாரிச்சு உலகம் பூரா வித்தது பெரிய காரணம். பாகிஸ்தான்ல கிரிட் கரண்ட் கட்டணம் தாங்காம ஜனங்களும் ஃபேக்டரிகளும் இறக்குமதி பேனல வாங்கி கூரையில போட்டுக்கிட்டாங்க. வர்த்தகம் இல்லன்னா இந்த வேகம் வந்திருக்காது.

இப்போ ஐரோப்பிய யூனியன் எல்லையில கார்பன் வரி கொண்டு வந்திருக்கு, அதாவது இறக்குமதி ஆகுற பொருள செய்யும்போது வெளியான கார்பனுக்கு காசு, 2023 அக்டோபர்ல இருந்து ரிப்போர்ட் மட்டும், 2026 ஜனவரியில இருந்து காசு கணக்கும் ஆரம்பம். ஸ்டீல், சிமெண்ட், அலுமினியம், உரம், ஹைட்ரஜன், மின்சாரம்தான் இப்போதைக்கு. நிலக்கரி போட்டு பிளாஸ்ட் ஃபர்னஸ்ல செய்யுற ஸ்டீல் டன்னுக்கு ரெண்டு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு மேல விடும், பழைய இரும்ப கரண்ட் உலையில உருக்குனா அதுல ஒரு சின்ன பங்குதான். அதனால ரெண்டு வகை உலையும் வச்சிருக்குற கம்பெனி சுத்தமான சரக்க ஐரோப்பாவுக்கும் மத்தத வேற மார்க்கெட்டுக்கும் திருப்பி விட்டாப் போதும், ஒரு உலைய கூட மாத்த வேண்டியதில்ல. சின்ன கம்பெனிக்கு அந்த வசதி கிடையாது, எமிஷன அளந்து பேப்பர் கொடுக்கவே ஆள் இருக்காது, அப்படிக் கொடுக்கலன்னா எமிஷன் இவ்வளவுன்னு ஐரோப்பிய யூனியனே வச்சிருக்குற டீஃபால்ட் நம்பர்தான் தலையில விழும்.