தோட்டா சுலபமா கிடைக்காத காலிபர்ல (தோட்டா அளவுல) வர்ற பழைய ரிவால்வர் வாங்கலாமா? வாங்கினா எப்படி பராமரிக்கறது?

தாராளமா வாங்கலாம், ஆனா முதல்ல உங்க நாட்டுச் சட்டத்தைப் பாத்துக்கோங்க, ஏன்னா இந்த விஷயத்துல நாட்டுக்கு நாடு ரொம்ப வித்தியாசம். அமெரிக்க மத்திய சட்டத்துல 1898 வரைக்கும் செஞ்சதெல்லாம் பழம்பொருள் கணக்கு, பிரிட்டன்ல எந்தக் காலிபர் பழம்பொருள் கணக்குன்னு ஒரு பட்டியல் இருக்கு. அதுவும் நிலையானது இல்ல, 2021ல .41 கோல்ட், .44 ரஷ்யன் மாதிரி ஏழு காலிபரை அந்தப் பட்டியல்லேர்ந்து தூக்கிட்டாங்க, அதுவரை லைசென்ஸ் இல்லாம அலமாரியில வச்சிருந்தவங்க எல்லாம் லைசென்ஸுக்கு ஓட வேண்டியதாச்சு. அதனால "அபூர்வ காலிபர்தானே, யாரு கேக்கப்போறா"ங்கற நினைப்போட மட்டும் இதுல இறங்காதீங்க.

சரி, இப்ப விஷயத்துக்கு வரேன். சேகரிக்கறதோ பராமரிக்கறதோ, நான் கடைப்பிடிக்கறது ஒரே ஒரு விதி. திரும்ப ஒட்ட முடியாத எதையும் அதுலேர்ந்து எடுக்கக்கூடாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா .455 காலிபர் வெப்லிங்கற பிரிட்டிஷ் ரிவால்வர்களுக்கு நடந்ததைப் பாருங்க. 1887ல பிரிட்டிஷ் படை எடுத்துக்கிட்ட மார்க் 1ல ஆரம்பிச்சு 1915ல வந்த மார்க் 6 வரைக்கும் அருமையான வரிசை, நடுவுல மடிச்சா சுட்டு முடிச்ச காலி கேஸ் (தோட்டாவோட உலோகக் கூடு) எல்லாத்தையும் ஒண்ணா வெளிய தள்ளிடும். ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சப்புறம் உபரியா நிறைய அமெரிக்காவுக்குப் போச்சு, அங்க .455 தோட்டா கிடைக்கறது கஷ்டம், .45 ஏசிபிங்கற பிஸ்டல் தோட்டா எங்க பாத்தாலும் கிடைக்கும், அதனால சிலிண்டரோட பின்பக்கத்தைக் கடைஞ்சு எடுத்து அரைவட்ட க்ளிப்போட ஏசிபி போடற மாதிரி மாத்தி வித்தாங்க. உள்ள நல்லாத்தான் உக்காரும். ஆனா ஏசிபியோட அழுத்தம் அந்தப் பழைய இரும்புக்கு ரொம்ப ஜாஸ்தி, ஒவ்வொரு ரவுண்டும் கிட்டத்தட்ட துப்பாக்கி தாங்குதான்னு பாக்க வேணும்னே அழுத்தம் கூட்டின சோதனைத் தோட்டா அளவுக்கு அடிக்கற மாதிரி. இன்னொரு சங்கதி, நிறைய மார்க் 6ல சேம்பரோட (சிலிண்டர்ல தோட்டா உக்காரற குழியோட) முன்வாய் பேரலை விடக் குறுகலா இருக்கும், அசல் புல்லட் அடியில குழிவா இருக்கற மெத்து ஈயம், அது அந்த இடத்தைத் தாண்டினப்புறம் விரிஞ்சு பேரலுக்குள்ள இருக்கற சுருள் பள்ளத்தை (ரிஃப்ளிங்) பிடிச்சுக்கும், செம்பு உறை போட்ட கடினமான புல்லட்டால அது முடியாது. தோட்டாவும் துப்பாக்கியும் சேத்து யோசிச்சு பண்ணின டிசைன் அது, ஒண்ணை மாத்தினா இன்னொண்ணு கெட்டுது. கடைஞ்சு எடுத்த சிலிண்டரைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாத்தான் இருக்கும். வெப்லி வாங்கப்போனா முதல்ல சிலிண்டர் பின்பக்கத்துக்கும் ஃப்ரேமுக்கும் நடுவுல இடைவெளி பெருசா தெரியுதான்னு பாருங்க, தெரிஞ்சா கடைஞ்சிருக்காங்கன்னு அர்த்தம், சிலிண்டர் நம்பரும் ஃப்ரேம் நம்பரும் ஒண்ணான்னு பாருங்க.

நகான் 1895ங்கற ரஷ்ய ரிவால்வரும் இதே கதைதான். ஹேமரை இழுத்தா சிலிண்டர் முன்னாடி நகர்ந்து பேரலோட ஒட்டிக்கும், புல்லட் முழுசா கேஸுக்குள்ள மறைஞ்சிருக்கும், கேஸோட வாய் பேரலுக்குள்ள போய் வெடிமருந்து வாயு கசியாம அடைச்சிடும். அதுக்காகவே செஞ்சது அந்த நீளமான 7.62×38 தோட்டா. .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் அதுக்குள்ள போகுதுன்னு போட்டு சுடறவங்க இருக்காங்க, கேஸ் உப்பும், சில சமயம் கிழியும், அந்த அடைப்பும் வேலை செய்யாது. அப்புறம் எதுக்கு நகான் வாங்கினீங்க?

உள்ள போகுதுங்கறதுக்காக அது சரியான தோட்டான்னு அர்த்தம் இல்ல. பழைய ரிவால்வர் நிறையத்துல காலிபர் முத்திரையே இருக்காது, இருந்தாலும் வெறும் "38"ன்னு இருக்கும், .38 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் புல்லட் .361 இன்ச், .38 ஸ்பெஷல் .358, கேஸ் நீளமும் வேற. சந்தேகம் இருந்தா சேம்பர் காஸ்ட் எடுத்துப் பாருங்க, செரோசேஃப்னு ஒரு உலோகம், கொதிக்கற தண்ணி சூட்டுக்கும் கம்மியாவே உருகும், சேம்பர்ல ஊத்தி ஆறினப்புறம் எடுத்து அளந்தா விஷயம் தெரிஞ்சுடும். சுடற எண்ணம் இருந்தா பழைய துப்பாக்கி தெரிஞ்ச கன்ஸ்மித் கையில குடுத்துப் பாக்காம சுடாதீங்க. .455, 7.62 நகான் ரெண்டுக்கும் ஃபியோக்கிங்கற கம்பெனி தோட்டா போட்டிருக்காங்க, சரியான தோட்டாவுக்காகக் காத்திருக்கறது இந்த ஆர்வத்துல ஒரு பகுதின்னே வச்சுக்கோங்க.

பராமரிப்புன்னு வந்தா எனக்கு ரொம்பப் பிடிச்சது ஃபிரெஞ்சு 1892தான், 8 மில்லிமீட்டர், சிலிண்டர் வலது பக்கமா வெளிய வரும். ஒரு ஸ்க்ரூவைக் கழட்டினா இடது பக்கத் தகடு கதவு மாதிரி திறக்கும், உள்ள ஸ்ப்ரிங், ட்ரிக்கர் எல்லாம் அதது இடத்துலயே இருந்துக்கிட்டே கண்ணுக்குத் தெரியும், துடைச்சு எண்ணெய் தொட்டு வச்சுட்டு மூடிடலாம். மத்ததெல்லாம் இவ்வளவு சுலபம் இல்ல. அந்தக் காலத்து ஸ்க்ரூ தலையில பள்ளம் ரொம்ப மெல்லிசு, சாதாரண ஸ்க்ரூட்ரைவர் வச்சா ஓரம் பிஞ்சிடும், பள்ளத்துக்கு சரியா பொருந்தற பிட் வாங்கிக்கோங்க. க்ரிப்பை நெம்பி எடுக்காதீங்க, ஸ்க்ரூவை ரெண்டு மூணு சுத்து தளர்த்திட்டு அதோட தலையில மெதுவா தட்டினா எதிர்ப்பக்கத் துண்டு தானே கிளம்பும்.

பழைய ராணுவத் தோட்டா சுட்டிருந்தா பேரலை எண்ணெய் போட்டு மட்டும் துடைச்சா பத்தாது. அந்தக் கால ப்ரைமர் (தோட்டா அடியில இருக்கற, மருந்தைப் பத்தவைக்கற பொருள்) உப்பை விட்டுட்டுப் போகும், அது காத்துல இருக்கற ஈரத்தை இழுத்து துரு பிடிக்க வைக்கும், எண்ணெய்ல உப்பு கரையாது, சுடுதண்ணிதான் ஊத்தணும், அப்புறம் நல்லா காயவச்சு எண்ணெய் போடணும். சிவப்புத் துரு இருந்தா எண்ணெய்ல ஊறவிட்டு வெண்கலக் கம்பிப் பஞ்சால மெதுவா தேய்ங்க. ஆனா அந்தப் பழுப்பு நிறம் படிஞ்சிருக்கு பாருங்க, அதைத் தொடவே தொடாதீங்க. பளபளன்னு ஆக்கறேன்னு பஃப் போட்டா எழுத்து, முத்திரை, கூர்மையான விளிம்பு எல்லாம் மழுங்கிடும், மறுபடி ப்ளூயிங் (இரும்புக்குக் கருநீல நிறம் ஏத்தறது) பண்ணினாலும் அது திரும்ப வராது, விலையும் பாதாளத்துக்குப் போயிடும். நிக்கல் பூச்சு இருந்தா அமோனியா கலந்த சால்வென்ட் வேண்டாம், அடியில செம்பு இருந்தா அதை அரிச்சு பூச்சு உரிஞ்சிடும்.

தோல் ஹோல்ஸ்டர் எவ்வளவு அழகா இருந்தாலும் அதுக்குள்ள வச்சு பூட்டிடாதீங்க. தோல் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும், பதப்படுத்தின அமிலமும் இருக்கும். தனியா வைங்க. மெல்லிசா மைக்ரோ கிரிஸ்டலைன் மெழுகு, பெட்டியில சிலிகா ஜெல், கூட ஒரு ஈரப்பத மீட்டர், 50 சதவீதத்தைத் தாண்டாம பாத்துக்கோங்க. தந்தம், மரம் க்ரிப் இருந்தா ரொம்ப உலர விட்டுடாதீங்க, விரிசல் விழும். கருப்பு ரப்பர் க்ரிப் வெயில் பட்டா பழுப்பாயிடும்.

சும்மா ட்ரிக்கர் இழுத்துப் பாக்கறதையும் விட்டுடுங்க, நிறைய பழைய மாடல்ல ஹேமர்லயே ஃபைரிங் பின் (தோட்டாவை அடிச்சு வெடிக்க வைக்கற ஊசி) இருக்கும், உடைஞ்சா மாத்துப் பொருள் தேடி அலையணும். அசல் தோட்டா ரெண்டோ மூணோ, அதோட பழைய அட்டைப்பெட்டி கிடைச்சா இன்னும் நல்லது, வாங்கி ரிவால்வர் பக்கத்துல வைங்க (சுடறதுக்கு இல்ல). ஒரு நோட்டுல நம்பர், முத்திரை, யார்கிட்டேர்ந்து வந்துச்சு, என்ன ரிப்பேர் பண்ணினீங்கன்னு எழுதி வச்சு, அந்த நோட்டையும் பேப்பரையும் துப்பாக்கியோடவே குடுக்கற மாதிரி தயாரா வைங்க, அடுத்து வாங்கறவருக்கு அது ரொம்ப உதவும்.