வெள்ளைச் சீருடையில் சாயம் ஏறிவிட்டால் என்ன செய்வது?

கேள்வி: வேலைக்கும் போய்க்கொண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளும் வீட்டில், துணி துவைக்கும்போது சாயம் ஒட்டுவது, கறை படிவது போன்றவற்றை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சாயம் ஒட்டிய துணியைக் காயப்போட்டுவிடாதீர்கள். ஈரமாக இருக்கும்வரை வழி இருக்கிறது.

மதுரையில் இருக்கிறோம். எங்கள் வீட்டில் துணி என் பொறுப்பு. மனைவி செவிலியர், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் இரவுப் பணி. மகள் ஐந்தாம் வகுப்பு, மகன் ஒன்றாம் வகுப்பு. திங்கட்கிழமை இருவருக்கும் வெள்ளைச் சீருடை என்பதால் ஞாயிறு சாயந்திரம் வெள்ளைத் துணிகளை மட்டும் மெஷினில் போடுவேன். போன ஆடியில் ஒரு ஞாயிறு, அம்மாவின் அரக்கு நிற ரவிக்கை என் வேட்டிக்குள் சுருண்டு கிடந்ததைக் கவனிக்கவில்லை. புதுச் சுங்குடிச் சேலையோடு வந்த துணியில் தைத்தது, ஒருமுறைகூட நனைக்காதது.

மெஷின் ஏழு மணிக்கே நின்றுவிட்டது. மகனுக்கு மறுநாள் சார்ட் கொண்டுபோக வேண்டும், பசை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மூடியைத் திறக்கும்போது மணி ஒன்பதரை. சேதத்தில் பாதி அந்த இரண்டரை மணி நேரத்தில்தான் நடந்திருக்க வேண்டும். ஈரத்துணி ஒன்றன்மேல் ஒன்றாக அழுந்திக் கிடந்தால், சாயம் அதிலிருந்து இதற்கு ஊறிக்கொண்டே இருக்கும்.

எல்லாம் ரோஸ். ஆனால் ஒரே அளவில் இல்லை. முழுப் பருத்தியான பனியனும் சாக்ஸும் நன்றாக இழுத்திருந்தன. பாலியஸ்டர் கலந்த சட்டைகளில் லேசாகத்தான் ஏறியிருந்தது. பனியனின் தையல் நூல் மட்டும் பளிச்சென்று வெள்ளையாகவே நின்றது. பருத்திக்குப் போடும் சாயத்தைப் பாலியஸ்டர் நூல் ஏற்பதில்லை. அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது, சட்டைகளைக் காப்பாற்றிவிடலாம் என்று.

மகள் பக்கத்தில் வந்து நின்று, "மிஸ் திட்டுவாங்களாப்பா?" என்று கேட்டாள். அம்மா, "சொட்டு நீலம் போட்டுப் பாருப்பா" என்றார். நீலம் எந்தச் சாயத்தையும் எடுக்காது. வெள்ளையில் தெரியும் மஞ்சளை மறைக்கத்தான் அது. ரோஸ் மேல் போட்டால் ஊதாவாகிவிடும்.

செய்தது இதுதான். ரவிக்கையை உடனே தனியாக எடுத்துவிட்டேன். மற்றவற்றைப் பச்சைத் தண்ணீரில் மூன்று முறை அலசினேன். முதல் தண்ணீர் ரோஜாப்பால் மாதிரி இருந்தது, மூன்றாவதில் நிறமே இல்லை. அப்புறம் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், அதில் ஆக்சிஜன் பிளீச் பொடியைப் பாக்கெட்டில் சொன்ன அளவுக்குக் கரைத்து, துணி முழுக்க முங்கும்படி ஊறவைத்தேன். அந்தப் பொடி தண்ணீரில் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சலவைச் சோடாவாகவும் பிரியும். குளிர்ந்த தண்ணீரில் மெதுவாகத்தான் வேலை செய்யும், வெதுவெதுப்பு வேண்டும். இரவு பன்னிரண்டுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினேன். காலை ஐந்து மணிக்கு எடுத்தபோது சட்டைகள் இரண்டும் வெள்ளை. காலர் மடிப்பைப் பிரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் அயர்ன் பாக்ஸையே தொட்டேன். மிச்சச் சாயத்தின்மேல் சூடு பட்டால் பிறகு எடுப்பது பெரும்பாடு.

குளோரின் பிளீச்சை நான் சீருடைக்குப் போடுவதில்லை. சட்டைப் பையில் இருக்கும் பள்ளி முத்திரையும் வெளுத்துவிடும், எலாஸ்டிக்கும் கெட்டுவிடும். பட்டு, கம்பளிக்கு வேண்டவே வேண்டாம். அதைவிட முக்கியம், அதை பாத்ரூம் ஆசிட்டோடும் வினிகரோடும் ஒருபோதும் கலக்காதீர்கள். கிளம்புவது விஷவாயு. அவசரத்தில் இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றும் ஆட்களை எனக்குத் தெரியும், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

புதுச் சுங்குடியைக் கல்லுப்புத் தண்ணீரில் நனைக்கும் பழக்கம் எங்கள் பக்கம் உண்டு. உப்பு, சாயம் தண்ணீரில் இறங்குவதைக் கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுதான். நூலைப் பிடிக்காமல் மேலாக நிற்கும் சாயம் போக நாலைந்து முறை தனியாக அலசத்தான் வேண்டும். சந்தேகம் இருந்தால் ஈரமான வெள்ளைத் துணியை உள்பக்க ஓரத்தில் வைத்து அழுத்திப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

சாம்பார்க் கறைக்கு வேறு கதை. சோப்பு பட்டதும் மஞ்சள் கறை சிவப்பாக மாறும், பலர் அங்கேதான் பதறிப்போய்த் தேய்க்கிறார்கள். சோப்பில் காரம் இருப்பதால் மஞ்சளுக்கு வரும் நிறமாற்றம் அது. எண்ணெய்ப் பசை போகும்வரை துவைத்து, நல்ல வெயிலில் போடுங்கள். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் சிதையக்கூடியது. இரண்டு வெயிலில் பெரும்பாலும் போய்விடும்.

பால்பாயின்ட் பேனா மைக்கு, ஆல்கஹால் உள்ள கைச் சானிடைசர். அடியில் பழந்துணி வைத்து ஒற்றி எடுக்க வேண்டும், தேய்த்தால் பரவும். இதைவிடப் பெரிய பாடத்தை நான் கற்றுக்கொண்டது ஒரு வருத்தமான சம்பவத்தில். முன்பு ஒருநாள் சட்டைப் பையில் பேனாவோடு சட்டையைத் துவைக்கப் போட்டதற்கு மகளைக் கோபமாகத் திட்டிவிட்டேன். அடுத்த முறை மை கொட்டியபோது அவள் சட்டையைப் பள்ளிக்கூடப் பைக்குள் சுருட்டி ஒளித்து வைத்துவிட்டாள். ஒரு வாரம் கழித்துக் கிடைத்தது. அன்றே சொல்லியிருந்தால் போயிருக்கக்கூடிய கறை, இன்றும் இருக்கிறது. அவள் பயந்து ஒரு வாரம் அதைச் சுமந்திருக்கிறாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதன்பிறகு துணிக்காகப் பிள்ளைகளைத் திட்டுவதில்லை. சீருடையில் சாயம் ஏறிய அன்று இரவும், ஊறும் துணியைக் காட்டி, "கொஞ்சம் கலக்கி விடும்மா" என்று கரண்டிக்காம்பைக் கொடுத்தேன், பயம் போய்த் தூங்கப் போனாள்.

இப்போது மெஷின் மேல் ஒரு எவர்சில்வர் கிண்ணம் வைத்திருக்கிறோம். துணி போடுமுன் அவரவர் பையை அவரவரே துழாவி அதில் போட வேண்டும், நான் உட்பட. இன்று காலை பார்த்தபோது இரண்டு ஷார்ப்னர், ஒரு பஸ் டிக்கெட், மீனாட்சி அம்மன் கோயில் குங்குமப் பொட்டலம் ஒன்று.

அந்தக் குங்குமப் பொட்டலம் என் சட்டைப் பையிலிருந்து வந்தது.