3 லட்சம் கடன் வாங்கித் தங்கையை ஜி.என்.எம். நர்சிங் டிப்ளமோவில் சேர்க்கலாமா, வரும் சம்பளத்தில் அடைக்க முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: பண்ருட்டி பக்கம் வீடு, தங்கை பிளஸ் டூ முடித்திருக்கிறாள், தனியார் கல்லூரியில் மூன்று வருட ஜி.என்.எம். படிப்புக்கு மொத்தம் 3 லட்சம் ஆகும் என்கிறார்கள், கையில் பணம் இல்லை.

சேர்க்கலாம். ஆனால் கடன் எங்கே வாங்குகிறீர்கள், அந்தக் கல்லூரி எந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிறது என்ற இரண்டையும் பார்த்த பிறகு சேருங்கள். நானும் கடலூரில் ஜி.என்.எம். படித்தவள்தான். இப்போது புதுச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு இன்சார்ஜ். புதிதாக வரும் பிள்ளைகள் என்ன சம்பளத்துக்குச் சேர்கிறார்கள், வீட்டுக்கு எவ்வளவு அனுப்ப முடிகிறது என்பதை அருகில் இருந்து பார்க்கிறேன்.

முதலில் சம்பளம். அட்மிஷன் சமயத்தில் எல்லோரும் ஜிப்மரையும் துபாயையும்தான் சொல்வார்கள். ஜிப்மர், எய்ம்ஸ் நர்சிங் ஆபீசருக்கு அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய் என்பது உண்மை. ஆனால் அது நாடு முழுக்க இருந்து வந்து எழுதுகிற தேர்வு. படிப்பு முடிந்த கையோடு கடலூரிலோ புதுச்சேரியிலோ ஒரு நடுத்தர ஆஸ்பத்திரியில் சேரும் பெண்ணுக்கு, நான் பார்க்கும் வரையில், 10,000 முதல் 15,000 வரைதான் கிடைக்கிறது. நைட் டியூட்டி முடிந்து பண்ருட்டிக்குத் தினமும் போய்வர முடியாது. ஹாஸ்டல், சாப்பாடு என்று அதிலும் ஒரு பகுதி போய்விடும். உச்ச நீதிமன்றம் சொன்னதன்பேரில் அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியில்கூட 20,000-க்குக் குறையக் கூடாது என்று 2016-லேயே பரிந்துரைத்தது. கேரளாவில் 2018-ல் அதை ஒட்டிச் சம்பளத்தை உயர்த்தி அரசாணை வந்தது. நம் பக்கம் அது நடக்கவில்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதனால் உங்கள் கணக்கில் மாதம் 12,000 என்றே போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் கடன். வருடத்துக்கு 1 லட்சம் வீதம் வங்கிக் கல்விக் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைப்போம். படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடும். தனி வட்டியாகவே போட்டாலும் முதல் லட்சத்துக்கு நான்கு வருடம், இரண்டாவதுக்கு மூன்று, மூன்றாவதுக்கு இரண்டு என்று 90,000 ரூபாய் சேர்ந்துவிடும். 3.9 லட்சத்தைப் பத்து வருடத்தில் கட்டினால் மாதத் தவணை 5,150 ரூபாய் அளவில் வரும். 12,000 வாங்கும் பெண்ணால் அதைக் கட்ட முடியாது. அந்த 90,000 இல்லாமல் 3 லட்சம் மட்டும் என்றால் தவணை 4,000-க்குள் அடங்கும். அதுவும் பாரம்தான், முதல் இரண்டு வருடம் நீங்களும் கொஞ்சம் கை கொடுத்தால் சமாளிக்கலாம்.

அந்த 90,000-ஐ மத்திய அரசே கட்டும் வழி இருக்கிறது. குடும்ப வருமானம் வருடத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்படிப்புக் கடனுக்கு இந்தத் தவணை இல்லாத காலத்து வட்டிக்கு மானியம் உண்டு. வருமானச் சான்றிதழை இப்போதே தாலுகா அலுவலகத்தில் வாங்கி வையுங்கள். கடனுக்கு விண்ணப்பிக்கும்போதே வட்டி மானியம் வேண்டும் என்று வங்கியில் கேளுங்கள், நாமாகக் கேட்காவிட்டால் பல கிளைகளில் யாரும் சொல்வதில்லை. 4 லட்சம் வரை சொத்து அடமானமோ மூன்றாம் நபர் ஜாமீனோ தேவையில்லை. ஆனால் கல்லூரிக்கு இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்க வேண்டும். கவுன்சிலின் இணையதளத்தில் மாநில வாரியாகப் பட்டியல் இருக்கிறது, கல்லூரி பெயரை நீங்களே தேடிப் பாருங்கள்.

வங்கி இழுத்தடிக்கிறது என்று மூன்று வட்டிக்கு வெளியில் வாங்காதீர்கள். 1 லட்சத்துக்கு மாதம் 3,000 வட்டி மட்டுமே போகும், அசல் அப்படியே நிற்கும். எங்கள் வார்டில் ஒரு பெண் இப்படித்தான் இருக்கிறாள். பாதிச் சம்பளம் வட்டிக்குப் போகிறது, நல்ல வேலை வந்தாலும் ஊரை விட்டு நகர முடியவில்லை.

பயிற்சி ஆஸ்பத்திரியை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சம்பளம் உயர்வது அனுபவத்தால்தான். ஜி.என்.எம். முடித்தவர் எய்ம்ஸின் நர்சிங் ஆபீசர் தேர்வு எழுத, குறைந்தது 50 படுக்கை உள்ள ஆஸ்பத்திரியில் இரண்டு வருட அனுபவம் வேண்டும். சின்ன கிளினிக்கில் ஐந்து வருடம் உழைத்தாலும் அங்கே அது செல்லாது. வெளிநாட்டுக்கு எடுப்பவர்களும் ஐ.சி.யூ., டயாலிசிஸ் என்று அனுபவத்தைத்தான் கேட்கிறார்கள். சொந்தமாகப் பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் கல்லூரியில் படித்தால் கை பழகும், அங்கேயே வேலைக்கு எடுத்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. கல்லூரிக்குப் போகும் அன்று அலுவலகத்தில் பேசிவிட்டுத் திரும்பிவிடாமல், மூன்றாம் வருடப் பிள்ளைகளிடம் கேளுங்கள்: எந்த வார்டில் போட்டார்கள், எத்தனை பிரசவம் பார்த்தீர்கள், போன வருடம் முடித்த அக்காமார் இப்போது எங்கே இருக்கிறார்கள்? சீருடை, பஸ், தேர்வுக் கட்டணம், கேஸ் புக் என்று அந்த 3 லட்சத்துக்கு மேல் எவ்வளவு ஆனது என்பதையும் அவர்களே சொல்வார்கள். ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் கல்லூரியா என்றும் கேளுங்கள். எனக்குத் தெரிந்த பெண் ஒருத்திக்குக் கடைசிக் கட்டணப் பாக்கிக்காகச் சான்றிதழைத் தராமல் நிறுத்தினார்கள், கையில் வந்த வேலை போனது.

புதுச்சேரி எல்லை பக்கத்தில்தான் இருக்கிறது என்று அங்கே சேர்க்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சென்டாக் என்ற புதுச்சேரி அரசின் மாணவர் சேர்க்கைக் குழு வழியாக வரும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் புதுச்சேரியில் குடியிருப்பவர்களுக்கு. கடலூர் மாவட்டப் பிள்ளைக்குப் பெரும்பாலும் நிர்வாக ஒதுக்கீடுதான், கட்டணம் கூடும். தமிழ்நாட்டில் படித்தால், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். ஹாஸ்டல் செலவில் அது நன்றாகவே உதவும்.

ஒரு வருடத்தில் நர்ஸ் ஆகலாம் என்று பேனர் கட்டும் இடங்களுக்கு 40,000 கொடுப்பதைவிட, கடன் வாங்கி ஜி.என்.எம். படிப்பது எவ்வளவோ மேல். அந்த ஒரு வருடச் சான்றிதழை வைத்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாமல் அரசு வேலையும் இல்லை, வெளிநாடும் இல்லை.

இந்த வருடம் அரசு செவிலியர் பள்ளிகளுக்கு விண்ணப்பம் திறந்திருந்தால் முதலில் அதைப் போடுங்கள், கட்டணம் மிகக் குறைவு. தங்கைக்கு நல்ல மதிப்பெண் இருந்தால் பி.எஸ்சி. நர்சிங் அரசுக் கலந்தாய்விலும் பெயர் கொடுங்கள். சிதம்பரம் ராணி மெய்யம்மை நர்சிங் கல்லூரியும் இப்போது அரசிடம்தான் இருக்கிறது. அந்தப் பட்டியல்கள் வருவதற்கு முன்பே முன்பணம் கட்டச் சொல்லித் தனியார் கல்லூரி அவசரப்படுத்தினால், திருப்பித் தருவோம் என்று எழுத்தில் வாங்காமல் கட்டாதீர்கள்.