குறைந்த செலவில் கையடக்க ஆர்கனைசர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

2005 அக்டோபரில் பாம் நிறுவனத்தின் இசட்22, அதாவது முகவரி, நாட்காட்டி, குறிப்பு வைத்துக்கொள்ளும் உள்ளங்கைக் கருவி, வந்ததிலிருந்து கேள்விகள் குவிகின்றன. பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், கம்மி விலையில் எது நல்லது என்று. தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை, அதனால் 2005 முடிவதற்குள் சிலவற்றைச் சேர்த்துப் போட்டுவிடுகிறேன், கீழே உள்ள விலையும் நிலவரமும் இந்த 2005 ஆண்டுக்கானவை. முன்கூட்டியே ஒன்று: வேகம், வண்ணம், பாட்டு என்று பார்க்கும் முன் இரண்டு விஷயம் விசாரியுங்கள். பேட்டரி செத்தால் உள்ளே இருப்பது என்ன ஆகும்? கணினிக்கு ஒரு நகல் போகுமா? கீழே உள்ள பதில்களில் பாதி இங்கேதான் வந்து நிற்கும்.

முகவரி, அப்பாயின்ட்மென்ட், சின்னச் சின்னக் குறிப்பு, இவ்வளவுதான் என் தேவை. பாம் நிறுவனத்தின் இசட்22, ஸயர் 31, டங்ஸ்டன் இ, மூன்றில் எது?

இவ்வளவுதான் தேவை என்றால் இசட்22. 2005இல் 99 டாலருக்கு வந்தது, 32 எம்.பி. ஃபிளாஷ் மெமரி, அதில் 20 எம்.பி. உங்கள் கையில், பேட்டரி அடியோடு காலியானாலும் எழுதி வைத்தது அப்படியே இருக்கும். 2002இல் இதே 99 டாலருக்கு வந்த முதல் ஸயரில் இருந்தது வெறும் 2 எம்.பி., கறுப்பு வெள்ளைத் திரை, பின்விளக்குகூடக் கிடையாது. 20 எம்.பி. போதுமா என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். பெயர், மூன்று நம்பர், வீட்டு முகவரி எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு 200 பைட் என்று வைத்துக்கொண்டாலும் 1000 பேருக்கு 200 கே.பி.தான் ஆகும், அதனால் இந்தக் கவலையை விட்டுவிடுங்கள்.

குறைகளும் உண்டு. மெமரி கார்டு போட இடமில்லை, ஹெட்ஃபோன் துளை இல்லை, திரை 160க்கு 160 புள்ளிதான் என்பதால் எழுத்து கொஞ்சம் படிக்கட்டு படிக்கட்டாகத் தெரியும். அப்புறம், ஃபிளாஷில் இருந்து எடுத்து வர வேண்டியிருப்பதால் சில சமயம் ஒரு நிரலைத் தொட்டதும் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திறக்கும்.

ஸயர் 31 2004இல் 149 டாலருக்கு வந்தது. திரை அதே 160க்கு 160, ஆனால் எஸ்.டி. கார்டு போடலாம், எம்.பி.3 கேட்கலாம். மெமரி 16 எம்.பி., அதுவும் பேட்டரி போனால் கூடவே போகிற ரகம். பாட்டுக்காக இதை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பாட்டு கேட்டே பேட்டரியைத் தீர்த்துவிட்டு, நாளைக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் நிற்பீர்கள்.

டங்ஸ்டன் இ வேறு சாதி. 320க்கு 320 திரை, அதாவது நான்கு மடங்கு புள்ளிகள். மின்நூல் படிப்பவர்களுக்கும், வேர்டு, எக்செல் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டியவர்களுக்கும் அந்தத் திரை ஒன்றே போதுமான காரணம். 2003இல் 199 டாலருக்கு வந்தது, பழையது இன்னும் மலிவாகக் கிடைக்கும். ஆனால் இதிலும் பேட்டரி காலியானால் தரவு காலி. அந்தக் குறையைச் சரிசெய்து, புளூடூத்தும் சேர்த்து 2005 ஏப்ரலில் வந்த டங்ஸ்டன் இ2வின் அப்போதைய விலை 249 டாலர், அது இந்தப் பக்கத்தின் பட்ஜெட்டைத் தாண்டுகிறது.

செயலியின் வேகத்தை, அதாவது மெகாஹெர்ட்ஸ் கணக்கு, கேட்டு எழுதியவர்களுக்கு: இசட்22இல் 200, டங்ஸ்டன் இயில் 126. நாட்காட்டி பார்க்கும்போது இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடித்துவிட்டால் நீங்கள் பெரிய ஆள்தான். வண்ண எண்ணிக்கையும் அப்படித்தான். 2002இல் எம்130 என்ற தன் வண்ணத்திரை மாடலுக்கு 65,000 வண்ணங்களுக்கு மேல் என்று பாம் விளம்பரம் செய்தது, பிறகு உண்மையில் 58,621க்குச் சமமானதுதான் என்று ஒப்புக்கொண்டது. வாங்கியவர்களில் எத்தனை பேர் வெறும் கண்ணால் அதைப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பார்கள்?

இரண்டு வாரம் மேசை டிராயரில் கிடந்தது, எடுத்துப் பார்த்தால் புத்தம் புதிதுபோல் மொழியைத் தேர்வு செய்யச் சொல்கிறது. எல்லாம் போச்சா?

கருவியைப் பொறுத்தவரை, ஆமாம், போச்சு. ஃபிளாஷ் வருவதற்கு முந்தைய பாம், மைக்ரோசாஃப்டின் விண்டோஸில் ஓடும் பெரும்பாலான பாக்கெட் பி.சி. கருவிகள் எல்லாவற்றிலும் நீங்கள் எழுதுவது ரேமில்தான் உட்கார்ந்திருக்கும். ரேமுக்கு ஓயாமல் கொஞ்சம் மின்சாரம் வேண்டும், கருவியை அணைத்துவிட்டோம் என்று நாம் நினைத்தாலும் திரைதான் அணைந்திருக்கிறது, உள்ளே சொட்டுச் சொட்டாகப் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். மெமரி எவ்வளவு பெரிதோ அவ்வளவு வேகமாகக் கரையும். அதனால்தான் 2 எம்.பி. வைத்த பழைய பாம் மாதக்கணக்கில் டிராயரில் தாங்கியது, 64 எம்.பி. வைத்த பாக்கெட் பி.சி. சில நாளிலேயே வாயைப் பிளக்கிறது.

ஆனால் நீங்கள் ஒரு தடவையாவது ஹாட்சிங்க், அதாவது கருவியையும் கணினியையும் இணைத்து இரண்டிலும் ஒரே தகவலை வைக்கும் சிங்க், செய்திருந்தால் கடைசியாகச் செய்த நாள் வரைக்குமான முகவரி, நாட்காட்டி, குறிப்பு எல்லாம் கணினியில் பாம் டெஸ்க்டாப் என்ற பாமின் மென்பொருளில் பத்திரமாக இருக்கும். சார்ஜ் ஏற்றி, கேபிளை மாட்டி, சிங்க் பொத்தானை அழுத்துங்கள். பயனர் பெயர் கேட்கும்போது பழைய பெயரையே தேர்ந்தெடுங்கள், அவசரத்தில் புதுப் பெயர் கொடுத்துவிட்டால் காலிக் கருவியாகவே நிற்கும். நீங்களாகப் போட்ட நிரல்களில் சில திரும்பி வராது, காரணம் காப்பு எடுக்கச் சொல்லும் குறி உள்ள கோப்புகளை மட்டும்தான் ஹாட்சிங்க் நகலெடுக்கும். எஸ்.டி. கார்டு வசதி உள்ள மாடல் என்றால், மொத்த மெமரியையும் கார்டுக்கு நகலெடுக்கும் நிரல்கள் இருக்கின்றன. அப்படி ஒன்றைப் போட்டு, ராத்திரியில் தானாக ஓடும்படி வைத்துவிடுங்கள்.

ஒரு தடவைகூட சிங்க் செய்ததில்லை என்று எழுதிய இன்னொரு நண்பரே, வருத்தமாகத்தான் இருக்கிறது, வேறு வழியில்லை.

செல்போனிலேயே காலண்டர், அலாரம், ஃபோன்புக் எல்லாம் இருக்கிறதே. தனியாக இன்னொன்றை எதற்குத் தூக்க வேண்டும்?

சரியான கேள்வி. உங்களிடம் இருப்பது சிம்பியன் ரகப் போன் (நிரல்கள் போட்டுக்கொள்ளக்கூடிய, கணினிபோன்ற போன்) என்றால், முதலில் அதையே இரண்டு மாதம் ஒழுங்காகப் பயன்படுத்திப் பாருங்கள், கூடவே வந்த சி.டி.யில் இருக்கும் மென்பொருளைக் கணினியில் போட்டு சிங்க் செய்துகொள்ளுங்கள். அதுவே போதும் என்று தோன்றினால் செலவு மிச்சம்.

சாதாரணப் போன் வேறு கதை. பலர் எண்களை சிம்மில் வைத்திருக்கிறீர்கள். சிம்மில் பொதுவாக 250 பேர் வரைதான், ஒரு பெயருக்கு ஒரு நம்பர்தான், முகவரி எழுத இடமே கிடையாது. போன் மெமரியில் வைத்தாலும் பன்னிரண்டு பொத்தானை வைத்துக்கொண்டு ஒரு சந்திப்பின் விவரத்தை முழுசாக எழுதி முடிப்பதற்குள் அந்தச் சந்திப்பே முடிந்துவிடும். இன்னொன்று, பேசிக்கொண்டிருக்கும்போதே நாட்காட்டியைப் பார்க்க வேண்டி வரும். காதில் இருக்கிற பொருளைக் கண்ணால் பார்ப்பது எப்படி? தினமும் நாலைந்து பேரைச் சந்திக்கிறவர்களுக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே தனி ஆர்கனைசர் வேண்டும். மற்றவர்களுக்குப் போனே போதும்.

பாம் திரையில் ஸ்டைலஸ் குச்சியால் எழுதும் கிராஃபிட்டி முறையைக் கற்றுக்கொள்வது கஷ்டமா? என் கையெழுத்து மோசம்.

உங்கள் கையெழுத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அது சொல்கிற வடிவத்தில் நீங்கள் எழுத வேண்டும், அவ்வளவுதான். பழைய கிராஃபிட்டியில் கிட்டத்தட்ட எல்லா எழுத்தும் ஒரே இழுப்பு, ஆங்கில ஏ எழுத்துக்கு நடுக்கோடுகூடப் போட வேண்டாம். ஒரு வாரத்தில் கை பழகிவிடும். 2003 முதல் வந்த கருவிகளில் கிராஃபிட்டி 2. ஜெராக்ஸ் போட்ட காப்புரிமை வழக்கின் விளைவாக வந்த மாற்றம் இது. வடிவங்கள் சாதாரண எழுத்துக்கு நெருக்கமாகிவிட்டன, ஆனால் ஐ, கே, டி (T), எக்ஸ் நான்குக்கும் இரண்டு இழுப்பு வேண்டும். பெரிய எரிச்சல் என்னவென்றால் எல் எழுதி உடனே இடைவெளிக் கோடு போட்டால் அது டி என்று புரிந்துகொள்ளும். எல் எழுதியபின் ஒரு மூச்சு விட்டுவிட்டுக் கோடு போடுங்கள்.

சும்மா சொல்கிறேன், முந்நூறு முகவரியை ஸ்டைலஸால் எழுத உட்காராதீர்கள். கணினியில் தட்டச்சு செய்து சிங்க் செய்துவிடுங்கள். வெளியே போகும்போது நாலு வரி எழுதத்தான் கிராஃபிட்டி, அதுவும் பிடிக்காவிட்டால் திரையிலேயே விசைப்பலகை வரும்.

தமிழில் குறிப்பு எழுத முடியுமா?

பாமில் நேரடியாக முடியாது. பாமின் இயங்குதளமான பாம் ஓ.எஸ். உலக மொழிகளின் எழுத்துகளுக்கான பொதுக் குறியீடான யுனிகோடு அடிப்படையில் ஆனது இல்லை. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிச் சமாளிக்க வேண்டியதுதான்.

விலை கிட்டத்தட்ட ஒன்றாக வந்தால் பாமா, பாக்கெட் பி.சி.யா?

பாக்கெட் பி.சி.யில் குட்டி வேர்டு, குட்டி எக்செல் எல்லாம் கூடவே வரும், அலுவலகத்தில் ஏற்கெனவே அவுட்லுக் பயன்படுத்துகிறீர்கள் என்றால் பாக்கெட் பி.சி.யின் சிங்க் மென்பொருளான ஆக்டிவ்சிங்க் நன்றாகவே ஒத்துழைக்கும். ஆனால் ஆர்கனைசர் வேலைக்கு எனக்குப் பாம்தான். ஒரு பொத்தானை அழுத்தினால் கருவி விழித்து நேராக இன்றைய நாட்காட்டியில் நிற்கும், இடையில் எதுவும் இல்லை. பாக்கெட் பி.சி.யில் மூலையில் இருக்கிற பெருக்கல் குறியைத் தட்டினால் நிரல் மூடிவிட்டதுபோலத் தெரியும், உண்மையில் பின்னால் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நாலைந்து சேர்ந்ததும் கருவி தவழ ஆரம்பிக்கும், அப்போது அமைப்புகளுக்குள் போய் ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும். பேட்டரி போனால் தரவு போகும் பிரச்சினையை 2005இல் வந்த பாக்கெட் பி.சி. இயங்குதளமான விண்டோஸ் மொபைல் 5 தீர்த்துவைத்திருக்கிறது, ஆனால் மலிவாகக் கிடைப்பதெல்லாம் அதற்கு முந்தைய 2002, 2003 பதிப்புக் கருவிகள். மலிவு என்பதே அதனால்தான்.

கீபோர்டோடு வரும் டிஜிட்டல் டைரி இதையெல்லாம்விட மலிவாக இருக்கிறதே, அது போதாதா?

நூறு நம்பர் மட்டும் வைத்துக்கொள்ளப் போதும். பல மாடல்கள் கணினியோடு பேசவே பேசாது, பேசுகிறவற்றுக்கும் கேபிளைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். தொலைந்தால் எல்லாமே தொலைந்தது. பட்டன் பேட்டரி இரண்டு இருந்தால் ஒரே நேரத்தில் இரண்டையும் கழற்றிவிடாதீர்கள், ஒன்று மெமரியைப் பிடித்து வைத்திருக்கும்.

கீபோர்டுதான் முக்கியம் என்றால் சையான் நிறுவனத்தின் பழைய கையடக்கக் கருவியான 5எம்எக்ஸ் கண்ணில் பட்டால் பாருங்கள், அந்த அளவில் அப்படி ஒரு விசைப்பலகையை வேறு யாரும் செய்யவில்லை. ஆனால் சையான் 2001இலேயே இந்தத் தொழிலை விட்டுவிட்டது, மூடித் திறக்கும் இடத்தில் போகிற திரைக் கேபிள் அறுந்துபோவது இதன் பிரசித்தி பெற்ற வியாதி. ஆசைக்கு வாங்கலாம், அதை நம்பி உங்கள் முகவரிகளை வைக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

பழையது வாங்கப் போகிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

முதலில் கணினியோடு இணையும் வழி. பாமின் எம்100, எம்105 இரண்டும் சீரியல் என்ற பழைய துளை வழியாக இணைபவை, இப்போது வரும் லேப்டாப்களில் அந்தத் துளையே இருப்பதில்லை. அதே காலத்தில் பாம் ஓ.எஸ்.ஸில் ஓடிய ஹேண்ட்ஸ்பிரிங் நிறுவனத்தின் வைசரும் முதல் ஸயரும் யு.எஸ்.பி.யில் இணையும். கேபிளோ கிரேடிலோ (கருவியை நிறுத்தி இணைக்கும் தாங்கி) இல்லாமல் கருவியை மட்டும் விற்கிறார்கள் என்றால், அதைத் தனியாகத் தேடிப் பிடிக்கும் செலவையும் அலைச்சலையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

அடுத்தது பேட்டரி. வைசர், எம்100 இரண்டும் டிரிபிள் ஏ பேட்டரி இரண்டில் ஓடும். பழசு வாங்குபவர்களுக்கு இது பெரிய வரம், ஏனென்றால் புதிதாக இரண்டு போட்டால் பேட்டரி விஷயத்தில் கருவியும் புதிதுதான். மாற்றும்போது மட்டும் வேகமாக மாற்றுங்கள், உள்ளே இருக்கும் கெபாசிட்டர் ஒரு நிமிஷம்போலத்தான் மெமரியைத் தாங்கும். ரீசார்ஜ் செய்கிற வகையைப் போட்டால் அதன் வோல்டேஜ் குறைவு என்பதால் பேட்டரி அளவுகோல் எப்போதும் பொய் சொல்லும், அதை நம்ப வேண்டாம். டங்ஸ்டன் இ, ஸயர் வகைகளில் பேட்டரி உள்ளேயே வைத்து மூடப்பட்டது. இரண்டு வருடம் ஓடிய கருவி என்றால், விற்பவரிடம் முழு சார்ஜ் ஏற்றித் தரச் சொல்லி, பின்விளக்கை எரியவிட்டு அரை மணி நேரம் கையிலேயே வைத்துப் பாருங்கள். அளவுகோல் சட்டென்று சரிந்தால் விலகிவிடுங்கள்.

அப்புறம் திரை. குறிப்பேட்டைத் திறந்து மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்று மூலைகள் உட்படக் கோடு இழுங்கள். கோடு வெட்டி வெட்டி வந்தாலோ, நீங்கள் தொடும் இடம் ஒன்று, அது எடுத்துக்கொள்ளும் இடம் வேறு என்றாலோ, அமைப்புகளில் போய் அளவுத்திருத்தம் செய்து பாருங்கள், அதற்கும் சரியாகவில்லை என்றால் தொடுதிரை போய்க்கொண்டிருக்கிறது. கிராஃபிட்டி எழுதும் பகுதிதான் முதலில் தேயும், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரிந்துவிடும். இன்னொரு பாமும் கையில் இருந்தால் ஒரு முகவரியை அகச்சிவப்பில் அனுப்பி வாங்கிப் பாருங்கள்.

கடைசியில் விற்பவர் முன்னாலேயே ஹார்டு ரீசெட் செய்துவிடுங்கள்: பவர் பொத்தானை அழுத்தியபடியே பின்பக்கத் துளையில் குத்தி, கேட்கும்போது மேல் அம்புக்குறிப் பொத்தான். அவருடைய தகவல்கள், மறந்துபோன பாஸ்வேர்டு எல்லாம் போய்விடும், கருவி ஒழுங்காக எழுந்து வருகிறதா என்பதும் தெரிந்துவிடும். குத்த ஊசி தேட வேண்டாம், பல மாடல்களில் ஸ்டைலஸின் தலையைத் திருகிக் கழற்றினால் அதற்கான முள் உள்ளே இருக்கும்.

மேக், லினக்ஸ்?

2005இல் மேக்குக்கு பாம் டெஸ்க்டாப் இருந்தது. லினக்ஸில் பாமோடு சிங்க் செய்ய பைலட்-லிங்க், ஜே-பைலட் என்ற மென்பொருள்கள் இருந்தன. பாக்கெட் பி.சி. வாங்கினால் இரண்டு தரப்புக்கும் தலைவலிதான்.

புதிதாக வாங்கினேன், திரையில் கீறல் விழாமல் இருக்க என்ன செய்வது? பாதுகாப்புத் தாள் கருவியின் விலையில் கால்வாசி சொல்கிறார்கள்.

முழுத் தாள் வேண்டாம். கிராஃபிட்டி எழுதும் கீழ்ப்பகுதியில் மட்டும் மங்கலான வகை ஒட்டு டேப் ஒரு துண்டு ஒட்டுங்கள், பளபளப்பானது வேண்டாம், ஸ்டைலஸ் வழுக்கும். எழுதும்போது தாளில் எழுதுவதுபோல ஒரு பிடிப்பும் கிடைக்கும். தேய்ந்ததும் உரித்துவிட்டு வேறு ஒட்டுங்கள்.